அக்கா பெயருக்கு வந்த நினைவூட்டல்கள்

1

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் வேலையில் பழகிப்போனவள். வரிசை இல்லாமல் எனக்கு எழுத வராது.

1) ஒரு வருஷத்துக்கு முந்தின மார்கழியில், டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் என் அக்கா சுகந்தி இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. காலையில் வெந்நீர்க் கீசரை அணைக்கப் போன இடத்தில் விழுந்தாள்.

2) அவளுடைய மகள் நிவேதா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் சேர ஆசைப்பட்டாள்.

3) முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு மாணவி, பெற்றோரில் ஒருவர், பள்ளி ஆலோசகர் மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும்.

4) பெற்றோர் கையெழுத்து கேட்டு வந்த மின்னஞ்சல், அக்காவின் பெயருக்கு வந்தது.

5) அந்தப் பெயரை மாற்றப் பள்ளி ஒரு காகிதம் கேட்டது. அத்தான் கொடுக்கவில்லை.

6) நவம்பர் கெடு முடிந்துபோனது.

நான் சுகந்தியின் தங்கை. குர்கானில் வேலை கிடைத்தபோது, அம்பாசமுத்திரத்தில் எல்லோரிடமும் "ரெண்டு வருசம் இருந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து, அக்கா வீட்டுச் சின்ன அறையில் பெட்டியை வைத்தேன். ஏழு வருஷம் ஆகிறது. டெல்லி வெளிநாடு இல்லைதான். ஆனாலும் இங்கே வளர்ந்த பிள்ளைக்கு நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாது. நிவிக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

2

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது இப்படியெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். எனக்கே இது பிடிபட நாளாயிற்று.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வழக்கமான கெடு பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். அதற்கு முன், நவம்பரிலேயே விண்ணப்பிக்கவும் வழிகள் உண்டு. ஒன்று, எர்லி ஆக்‌ஷன். சீக்கிரம் விண்ணப்பிக்கலாம், சீக்கிரம் பதில் வரும், இடம் கிடைத்தாலும் மே மாதம்வரை யோசிக்கலாம். பல கல்லூரிகளுக்கு ஒரே சமயத்தில் இப்படிப் போடலாம். சில கல்லூரிகள் மட்டும், எங்களுக்குப் போட்டால் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டிப் போடாதே என்று நிபந்தனை வைக்கும். ஆனாலும் கிடைத்தால் போயே ஆகவேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, எர்லி டிசிஷன். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும். கல்லூரி தரும் உதவித்தொகை குடும்பத்துக்குப் போதாது என்றால் விடுவிப்பார்கள். மற்றபடி, கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பல இடங்களில் இந்த வழியில் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரி எவ்வளவு உதவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இடம் இல்லை என்றும் சொல்லாமல், வழக்கமான கூட்டத்தோடு சேர்த்துப் பிறகு பார்க்கிறோம் என்று தள்ளியும் வைக்கலாம்.

இதையெல்லாம் அட்டவணையாகப் போட்டு நிவியிடம் காட்டினேன். எர்லி ஆக்‌ஷனுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தேன்.

"டேபிள் சூப்பர் சித்தி. ஆனா நான் எர்லி டிசிஷன்தான் போடுவேன்."

"ஏட்டி, கிடைச்சா போயே ஆகணும். புரியுதா?"

"வஹி தோ, அதேதான். அதுக்குத்தான்."

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் காலத்தில் இத்தனை வாசல்கள் கிடையாது. மதிப்பெண், தரவரிசை, சென்னையில் கலந்தாய்வு. திரையில் கல்லூரிப் பெயர்களும் அவற்றின் பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் காலி இடங்களும். முந்தின நாள் அக்கா டெல்லியிலிருந்து போன் செய்தாள். "உள்ள போயி யோசிச்சுக்கிட்டு நிக்காத. எது முதல்ல மனசுல வருதோ அதச் சொல்லிட்டு வா. எனக்குக் காலேஜு ரெண்டாவது வருசத்துல கல்யாணம்னாவ. நா யோசிக்காமத்தான் டெல்லிக்கு வந்தேன். கெட்டா போயிட்டேன்?" என்றாள். இப்போது அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் தனியாக வந்து நிற்கிறது.

அத்தான் சங்கரன் மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. ஒப்பந்த வாசகத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்னது, பாண்டு பத்திரமா?"

"பாண்டு இல்ல அத்தான். ஒரு வாக்குறுதி மாதிரி."

"வாக்குறுதின்னா அண்டர்டேக்கிங். அண்டர்டேக்கிங்னா பாண்டுதான? ஜாமீன் யாரு?"

"ஜாமீன்லாம் கிடையாது. உங்க பேர டைப் பண்ணுனா போதும்."

"டைப் பண்ணுததெல்லாம் கையெழுத்தா? எங்க ஆபீசுல நீல மசியா பச்ச மசியான்னே ஒரு பைலு ஓடுது."

நிவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, நீங்க ரப்பர் ஸ்டாம்ப் வெச்சு, கெசட்டட் ஆபீசர்கிட்ட அட்டெஸ்ட் வாங்கிக் கொடுங்க. காலேஜ்ல ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க."

"சிரி, சிரி. நாளைக்கு எவனாவது நோட்டீசு அனுப்புனா நாந்தான பதில் எழுதணும்?"

மறுநாள் அந்த வாசகத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அலுவலகத்துச் சட்டப் பிரிவு நண்பரிடம் காட்டினார். ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. "சரி, பாப்போம்" என்றார். அத்தான் 'பாப்போம்' என்றால் பாதி சம்மதம். அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

3

டெல்லிக் குளிரில் வெந்நீர் இல்லாமல் நடக்காது. அக்கா இருந்தவரை இந்த வீட்டின் காலை அவள் குரலில்தான் தொடங்கும். "கீசர ஆஃப் பண்ணியாச்சா? யாரு போட்டுட்டு வந்தது?" குளிக்கிறவருக்கும் கேட்கும், மாடி வீட்டுக்காரருக்கும் கேட்கும்.

தீபாவளிக்குச் சற்று முன்னால் மறுபடி கீசர் போட ஆரம்பித்தோம். ஒரு காலை, அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போனேன். அங்கே ஏற்கெனவே நிவி நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் அத்தானும் வந்தார். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. "பல்லு தேய்க்க வந்தேன்" என்றார் அத்தான். அவர் கையில் பிரஷ் இல்லை.

அக்காவின் போன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அத்தான் அதற்குத் தவறாமல் சார்ஜ் போடுகிறார், ரீசார்ஜும் செய்கிறார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு மாலை மூன்று பேரும் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது ஒலித்தது. நிவி எழுந்து போய் எடுத்துப் பார்த்தாள். வாசித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

'அன்புள்ள சுகந்தி, உங்கள் மகளின் விண்ணப்பம் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.'

பதினொன்றாம் வகுப்பில் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பள்ளியின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோர் என்ற இடத்தில் அக்காவின் மின்னஞ்சலைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் அதேதான். நிவி ஆலோசகரிடம் பேசினாள். அந்த அம்மாள் வருத்தப்பட்டார், "பேட்டா, பேட்டா" என்று மகளை அழைப்பதுபோல் பலமுறை சொன்னார், கடைசியில் விதியைச் சொன்னார். அப்பாவின் கடிதமும் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் நகலும் கொடுத்தால் மாற்றிவிடலாம்.

"வருசம் திரும்பட்டும்" என்றார் அத்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, மலைக்கோயில் ஏறுவது கிடையாது, நல்ல காரியம் எதையும் புதிதாகத் தொடங்குவதும் கிடையாது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மலை மந்திர் என்னும் முருகன் கோயில். பரீட்சைக்கு முன்னால் படியேறிப் போய்வரும் நிவி, இந்த வருஷம் படிகளுக்குக் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தானுடைய அண்ணன் ஸ்பீக்கரில் பேசினார். "வருசம் திரும்பாம பிள்ளையக் கடல்தாண்டி அனுப்புத காரியத்தத் தொடங்காதடே. சுகந்தி மனசு என்ன பாடுபடும்?"

நிவி அறையிலிருந்தே கத்தினாள். "பெரியப்பா, அம்மாதான் அந்த காலேஜே சூஸ் பண்ணாங்க!"

அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

வழக்கம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. குடியிருப்பில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அத்தானிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர், இறப்புச் சான்றிதழை வாங்கிவந்த உறையோடு பீரோவில் வைத்துவிட்டார். ஒரு நகலைக்கூட எங்கும் கொடுக்கவில்லை. சமையல் எரிவாயு இன்னும் அக்கா பெயரில்தான் வருகிறது. வங்கியில் அக்கா இருக்கிறாள். பள்ளியிலும் இருக்கிறாள்.

நினைவூட்டல்கள் தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு முறையும் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்து வாசிப்பார். முழுவதும் வாசிப்பார். பிறகு மறுபடி சார்ஜரில் செருகிவிட்டு வருவார். 'சுகந்தி, உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறோம்.' அதை வாசிக்கும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. யாரோ வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டது போல இருக்கும்.

4

அமெரிக்காவில் நள்ளிரவில் முடிகிற கெடு, நமக்கு மறுநாள் முற்பகலில் முடியும். அன்று புகைமூட்டம் மோசமாகி நிவிக்குப் பள்ளி ஆன்லைனில். எனக்கும் வீட்டிலிருந்து வேலை. அத்தான் அலுவலகம் போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

நிவி அக்காவின் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சித்தி, இங்க அம்மா பேர டைப் பண்ணணும். பஸ், இத்னா ஹி, அவ்ளோதான். யாருக்கும் தெரியாது."

"பின்னால தெரிஞ்சா எல்லாமே போயிரும்ட்டி" என்றேன். அதுதான் சரியான பதில். ஆனால் போனை வாங்கிக்கொள்ள என் கை நீளவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அக்காவின் பெயர் கட்டத்துக்குள் வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமா அம்மா சைன் பண்ண மாதிரியே இருக்கு."

பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

"என்னட்டி?"

"அம்மா சைன் பண்ணா, அம்மா இருக்காங்கன்னு ஆயிடும். மத்லப், அதாவது... அம்மா இருந்தா நான் எதுக்கு சித்தி இங்கேர்ந்து போகணும்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் அட்டவணைக்குப் போய்விடுவேன். வேறு கல்லூரிகளுக்கு எர்லி ஆக்‌ஷன் கெடு இன்னும் இருக்கிறது, அவை கட்டுப்படுத்தாது, மே மாதம்வரை யோசிக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு மே மாசம் வேண்டாம்" என்றாள். "டைம் கொடுத்தா நான் போக மாட்டேன். டெய்லி அப்பா முகத்தப் பாப்பேன். அவரு ரொட்டியத் தீய வெச்சுட்டு, தீஞ்சது எனக்குப் பிடிக்கும்னு சொல்லி அவரே சாப்பிடறதப் பாப்பேன். நின்னுடுவேன். உங்கள மாதிரி."

"நான் என்னட்டி செஞ்சேன்?"

"ரெண்டு வருஷம்னுதானே வந்தீங்க? இன்னும் பெட்டி கட்டில் கீழதான் இருக்கு. இங்க இருக்கவும் இல்ல, ஊருக்குப் போகவும் இல்ல."

கோபத்தில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அங்க ஹாஸ்டல்ல கீசர் கிடையாதாம். எல்லாம் சென்ட்ரல் ஹீட்டிங்காம். அங்க அம்மா குரல் கேக்காதுல்ல சித்தி?"

கேட்காமல் இருக்கட்டும் என்று கேட்டாளா, கேட்காமல் போய்விடுமோ என்று கேட்டாளா? எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய மடிக்கணினித் திரையில் எர்லி டிசிஷன் என்ற வரி, கெடு முடிந்து, சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது.

5

எர்லி டிசிஷனில் இரண்டாவது சுற்று ஒன்று உண்டு என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. நிவியின் கல்லூரியில் இருந்தது. கட்டுப்பாடு அதே கட்டுப்பாடுதான். கெடு மட்டும் ஜனவரியில், பதில் பிப்ரவரியில். தாமதமாக மனம் உறுதிப்படுகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முதல் நாளே போட்ட என் அட்டவணையில் அந்த வரியே இல்லை.

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தானிடம் சொன்னேன். அதற்குள் வருசம் திரும்பிவிடும் என்பதையும் சொன்னேன். நிவி சொன்னதையும், என்னைப் பற்றியதை விட்டுவிட்டு, சொன்னேன்.

"என் முகத்தப் பாத்தா நின்னுருவேங்காளா?"

"ஆமா அத்தான்."

துணிகளை மடிக்காமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அந்த பாண்டு அவளுக்கு இல்ல. எனக்குத்தான்" என்றார். "அவ போனதுக்கப்புறம் நா வான்னு கூப்பிடக் கூடாது. அதான விசயம்?"

சட்டப் பிரிவு நண்பரின் பென்சில் குறிப்பில் இது இல்லை.

மார்கழியில் வருஷத் திவசம் நடந்தது. இலை போட்டு, புதுச் சேலை வைத்துப் படைத்தோம். நிவி சொதி வைத்தாள். தேங்காய்ப் பால் திரிந்துவிட்டது. "உங்க அம்ம வச்சாலும் பாதி நாளு திரியத்தான் செய்யும்" என்றார் அத்தான். அக்கா இறந்த பிறகு அவளைக் கேலி செய்து அவர் பேசியது அதுதான் முதல்முறை. மாலையில் அத்தானுடைய அண்ணன் கூப்பிட்டார். "வருசம் திரும்பிட்டுடே. இனிமே எதுனாலும் ஆரம்பி." அத்தான் போனை வைத்தார். இனிமேல் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த வேலை நாளில் விடுப்புப் போட்டார். பீரோவிலிருந்து அந்த உறையை எடுத்தார். மார்க்கெட்டில் ஒரு கட்டு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளி, வங்கி, எரிவாயு ஏஜென்சி என்று எல்லா இடத்துக்கும் தனியாகவே போய்விட்டு வந்தார். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

"எல்லா எடத்துலயும் ஸாரின்னாங்க" என்றார் திரும்பி வந்ததும். "கேஸ்காரன் மட்டும் ஒண்ணும் சொல்லல. சீலக் குத்திட்டு, நெக்ஸ்ட்னுட்டான். அவன்தான் பரவால்ல."

சில நாளில் பள்ளி பதிவை மாற்றியது. இந்த முறை கையெழுத்து கேட்டு அவருடைய மின்னஞ்சலுக்கு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிவியின் மேசையில் உட்கார்ந்தார்.

"பேரு பாஸ்போர்ட்ல உள்ளபடிதான?"

"ஹாங் அப்பா."

"இனிஷியலு?"

"அப்பா, ப்ளீஸ்!"

ஒற்றை விரலால் தட்டி முடித்து, பொத்தானை அழுத்தினார். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான். நிவி அவர் தோளில் ஒரு முறை நெற்றியை வைத்து எடுத்தாள்.

அன்று மாலை ஃப்ரிட்ஜ் மேல் போன் ஒலித்தது. அத்தான்தான் போய் எடுத்தார். எப்போதும்போல முழுவதும் வாசித்துவிட்டு, எங்களைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். 'இந்தக் கணக்கிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது. இந்த மாற்றம் உங்கள் விருப்பப்படி நடக்கவில்லை என்றால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.'

"இதுக்கு என்ன பதில் போடணும்?" என்று கேட்டார்.

"பதில் போட முடியாது அப்பா" என்றாள் நிவி. "அந்த ஐடிக்கு ரிப்ளை போகாது."

அவர் தலையாட்டினார். போனை மறுபடி சார்ஜரில் செருகினார்.

6

இப்போதைய நிலை இது.

விண்ணப்பம் போய்விட்டது. இரண்டாவது சுற்று, கட்டுப்படுத்தும் வகை. மூன்று கையெழுத்தும் ஆகிவிட்டன. பிப்ரவரியில் பதில் வரும். இடம் கிடைத்து உதவித்தொகையும் சரியாக அமைந்தால், நிவி மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவாள், ஆகஸ்டில் போய்விடுவாள். கிடைக்காவிட்டால் வழக்கமான கெடுவுக்கு அனுப்பியவை இருக்கின்றன. அக்காவின் போன் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. இந்த மாதமும் ரீசார்ஜ் ஆகியிருக்கிறது. நினைவூட்டல் எதுவும் வருவதில்லை. காலையில் கீசரை அணைத்தது நான். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நிவி போய்விட்டால், கல்யாணமாகாத மைத்துனியாக நான் அத்தானோடு இதே வீட்டில் இருக்க முடியாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஜனக்புரியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். நல்ல வெளிச்சம், மெட்ரோவுக்குப் பக்கம். வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் இன்னும் உறுதி சொல்லவில்லை.